புது கார், மைலேஜ்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புது பெட்ரோல் கார், 800 கி.மீ. ஓடியிருக்கிறது. லிட்டருக்கு 21 கி.மீ. என்று சொல்லி விற்றார்கள். டேஷ்போர்டு திரை 13-ஐத் தாண்ட மறுக்கிறது. இன்ஜினில் கோளாறா?

பதில்: முதலில் அளவு சரிதானா என்று பாருங்கள். திரையில் தெரிவது, இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் எவ்வளவு நேரம் திறந்திருந்தன என்பதை வைத்து கார் போடும் மதிப்பீடு. டேங்கில் இறங்கிய பெட்ரோலை அது அளப்பதில்லை. நம்பத்தக்கது டேங்க் டு டேங்க் கணக்குதான். பங்கில் பெட்ரோல் குழாயின் நாஸில் தானாக முதல் முறை 'டக்' என்று நிற்கும் வரை நிரப்புங்கள். அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம்; வற்புறுத்தி நிரப்பினால் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி கேனிஸ்டருக்குள் திரவமே போய் அதைக் கெடுக்கும். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, டேங்க் கால்பங்குக்கு வரும் வரை ஓட்டுங்கள். பிறகு மீண்டும் நிரப்புங்கள்: அதே பங்க், அதே பம்ப், அதே 'டக்'. ஓடிய கி.மீ.யை இந்த முறை போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ்.

நாஸில் நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். வெறும் 10 லிட்டர் ஓட்டிக் கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் வித்தியாசமே 10 சதவீதப் பிழை. 35 லிட்டரில் அது 3 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அதனால் மூன்று டேங்குகளின் மொத்த கி.மீ.யை மொத்த லிட்டரால் வகுப்பதே சரி.

நிறுவனம் சொல்லும் எண் ஆய்வகத்தில் உருளைகள் மேல் காரை நிறுத்தி, குறித்த வேக அட்டவணைப்படி ஓட்டி எடுத்தது. ஏசி இல்லை, மேடு பள்ளம் இல்லை, சிக்னலில் முட்டி நிற்கும் நெரிசலும் இல்லை. இரண்டு கார்களை ஒப்பிட அது உதவும். உங்கள் சாலையில் அதே எண் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. இன்ஜினும் இன்னும் பழகவில்லை. சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனின் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு படியும் வரை உராய்வு கூடுதலாக இருக்கும். முழு மைலேஜ் வர 5,000 முதல் 8,000 கி.மீ. வரை ஆகலாம் என்கிறது அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டி.

தினமும் 3, 4 கி.மீ. மட்டுமே ஓட்டுகிறீர்களா? அப்படியானால் 13 என்பது வியப்பே இல்லை. குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும், ஆயிலும் கெட்டியாக இருக்கும். சூடேறி முடிப்பதற்குள் நீங்கள் இறங்கிவிடுகிறீர்கள். இரண்டு மூன்று சிறு வேலைகளை ஒரே பயணத்தில் சேர்த்து முடித்தால் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: முதல் 1,000 கி.மீ. வரை 40 கி.மீ. வேகத்தைத் தாண்டவே கூடாது என்கிறார்களே?

பதில்: அப்படிக் கட்டுப்படுத்த வேண்டாம். ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டே போவது புது இன்ஜினுக்கு நல்லதல்ல. ரிங்குகளைச் சிலிண்டர் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம். மிதமான சுமை இருந்தால்தான் அவை சரியாகப் படியும். வேகத்தையும் கியரையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதிக்காதீர்கள். இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டரின் சிவப்புப் பகுதியை நெருங்காதீர்கள். உயர் கியரில் 1,000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 1,000 சுற்று) திணற விடுவதும் அதே அளவுக்குக் கெடுதல். எத்தனை கி.மீ. வரை இந்தக் கட்டுப்பாடு என்பதை உங்கள் காரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இறக்கத்திலும் சிக்னலை நெருங்கும்போதும் நியூட்ரல் போட்டு உருள விடுகிறேன். எவ்வளவு மிச்சமாகும்?

பதில்: மிச்சம் ஆகாது, செலவுதான் ஆகும். ஆபத்தும்கூட. இன்றைய இன்ஜெக்‌ஷன் இன்ஜினில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கணினி எரிபொருளை முழுவதுமாக நிறுத்திவிடுகிறது. சக்கரங்களே இன்ஜினைச் சுற்றுகின்றன. ஆர்.பி.எம். ஐட்லிங்கை (நின்றிருக்கும்போது இன்ஜின் மெல்லச் சுற்றும் வேகத்தை) நெருங்கும்போதுதான் மீண்டும் பெட்ரோல் பாயும். நியூட்ரலிலோ, இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் விடாமல் போய்க்கொண்டே இருக்கும். இன்ஜின் பிரேக்கிங்கும் கிடைக்காது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகிப் பிடிமானம் இழக்கலாம்.

உங்கள் கேள்வியில் சரியான பாதியும் இருக்கிறது: முன்கூட்டியே காலை எடுப்பது. அதை மட்டும் விடாதீர்கள். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள காரை 60 கி.மீ. வேகத்திலிருந்து பிரேக் மிதித்து நிறுத்தினால், அந்த வேகத்துக்குக் கொண்டுவரச் செலவான ஏறத்தாழ 20 மில்லி பெட்ரோல் பிரேக் டிஸ்க்கில் வெறும் சூடாகப் போகிறது (இன்ஜின் திறன் 25 சதவீதம் என்று வைத்த கணக்கு). இப்படி 50 முறை நின்றால் ஒரு லிட்டர். நகரத்தில் 50 முறை நிற்க எத்தனை நாள் ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். தூரத்தில் சிவப்பு தெரிந்ததும் காலை எடுத்து, கியரிலேயே உருண்டு போனால் பல நேரம் முழுதாக நிற்காமலே பச்சை கிடைக்கும். மைலேஜுக்காக எதையாவது ஒன்றைத்தான் மாற்ற முடியும் என்றால் இதை மாற்றுங்கள்.

கேள்வி: டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் மைலேஜ் ஏறுமா? நைட்ரஜன் நல்லதா?

பதில்: ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவே சரி. டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, அதை வைக்காதீர்கள். கார் மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். நான்கு டயரிலும் ஒரு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும். 6 பி.எஸ்.ஐ. குறைவாக ஓட்டினாலும் இழப்பு ஒன்றேகால் சதவீதம்தான். ஆனால் டயரின் ஓரங்கள் சீக்கிரம் தேயும், டயர் அளவுக்கு மீறிச் சூடாகும். கூட்டி வைத்தால் நடுப்பகுதி தேயும், ஈரச் சாலையில் பிடிமானம் குறையும். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் ஒரு முறை அளவு பார்ப்பது எந்த வாயுவை அடைப்பது என்பதைவிட முக்கியம்.

கேள்வி: அழகுக்காக 185/65 ஆர்15 டயரை 195/65 ஆர்15 ஆக மாற்றினேன். மைலேஜ் குறைந்துவிட்டது.

பதில்: பாதி நிஜம், பாதி மீட்டர் காட்டும் மாயம். பழைய டயரின் விட்டம் 621.5 மி.மீ., புதியது 634.5. ஒரு சுற்றில் கார் 2 சதவீதம் கூடுதலாகப் போகிறது, ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டருக்கு அது தெரியாது. உங்கள் கணக்கில் கிடைத்த மைலேஜை 1.02 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகும் மிஞ்சும் இழப்பு, டயரின் அகலமும் எடையும் ரப்பரும் தருவது. ஸ்பீடோமீட்டரும் முன்பைவிடக் குறைத்தே காட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஏசியா, திறந்த ஜன்னலா?

பதில்: நகர வேகத்தில் ஜன்னல், நெடுஞ்சாலையில் ஏசி. வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஒரு நிமிடம் கண்ணாடிகளை இறக்கி ஓட்டிச் சூட்டை வெளியேற்றுங்கள். பிறகு மூடி, உள் சுழற்சியில் ஏசி போடுங்கள். நெடுஞ்சாலையில் ஏசியைவிட வேகமே பெரிய செலவு: 80-லிருந்து 100-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. பயன்படுத்தாத ரூஃப் கேரியரைக் கழற்றி வையுங்கள்.

கேள்வி: பிரீமியம் பெட்ரோல், டேங்கில் ஊற்றும் மருந்து, பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம்?

பதில்: காந்தம் எதுவும் செய்யாது. பிரீமியம் எனப்படும் உயர் ஆக்டேன் பெட்ரோல், கையேடு கேட்டால் மட்டும். எத்தனால் கலந்த பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருந்தால் லிட்டருக்கு 6, 7 சதவீதம் ஆற்றல் குறைவு. அதை எந்த மருந்தும் ஈடுகட்டாது.

கேள்வி: கார் உருளும்போது இழுத்துப் பிடிப்பது போல இருக்கிறது. எப்படிச் சோதிப்பது?

பதில்: பத்து கி.மீ. ஓட்டி, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் காட்டுங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் விடுபடவில்லை: பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் ஊசி (pin) சிக்கியிருக்கலாம், பின் சக்கரமானால் ஹேண்ட்பிரேக் கேபிள் இறுக்கமாக இருக்கலாம். புதுக் காரிலும் இது வரும், வாரண்டியில் சரிசெய்து தருவார்கள். அப்போதே ஆயில் அளவையும் பாருங்கள். அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டுக்கு மேலே இருந்தால், இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து இன்ஜினுக்குச் சுமையாகும்.

கேள்வி: டீசல் கார். சில நாள் மட்டும் மைலேஜ் திடீரென்று விழுகிறது.

பதில்: புகைக்கரி வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்யும் நாட்கள் அவை. கரியை எரிக்க இன்ஜின் கூடுதல் டீசலைச் செலுத்தும். ஐட்லிங் சற்று உயரும், ஃபேன் சத்தமாகச் சுற்றும், சிக்னலில் இன்ஜினைத் தானாக அணைக்கும் ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது. அந்த நேரத்தில் இன்ஜினை அணைக்காமல் இன்னும் 15, 20 நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டி முடிக்க விடுங்கள். பாதியில் அடிக்கடி அணைத்தால் எரியாத டீசல் ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறிக்கொண்டே போனால், தவணை வராவிட்டாலும் ஆயிலை மாற்றிவிடுங்கள்.