டிமென்ஷியா (மறதி நோய்) உள்ள அப்பாவை முதியோர் இல்லத்தில் விட்டால் கட்டிப்போடுவார்களா?

ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போது இந்தக் கேள்வியை டைப் செய்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் தேடினேன். எல்லா இடத்திலும் கட்டிப்போடுவதில்லை. என் அப்பாவைக் கட்டினார்கள்.

அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். சாயங்காலம் ஐந்தானால் "சங்கு ஊதியாச்சு, டிபன் பாக்ஸ் எங்கே?" என்று கிளம்பிவிடுவார். பொழுது சாயும்போது தவிப்பு கூடுவது இந்த நோயில் சகஜமாம். கதவைப் பூட்டினால் அடிப்பார். மூன்று வருடம் வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் மூன்றாவது முறையாக வேட்டி மாற்றும்போது என் முடியைப் பிடித்து இழுத்தார். கன்னத்தில் அறைந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் இல்லம் தேடினேன். "பெத்த அப்பனை..." என்று கமெண்டில் ஆரம்பிக்கப் போகிறவர்கள் ஒரு வாரம் ராத்திரி கண் விழித்துவிட்டு வாருங்கள். சித்தப்பா மகன் பெற்றோர், முதியோர் பராமரிப்புக்கான 2007 சட்டப்படி கேஸ் ஆகும் என்று பயமுறுத்தினான். அந்தச் சட்டத்தில் குற்றம் என்பது பெற்றோரைக் கைவிடுவது. பணம் கட்டிச் சேர்த்து வாராவாரம் போய்ப் பார்ப்பது கைவிடுவதா?

இரண்டாவது மாதம் ஒரு ஞாயிறு, அப்பா இடது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "வாட்ச் இறுக்கமா இருக்கும்மா, கழட்டி விடேன்." அவர் வாட்ச் கட்டுவதை விட்டே பல வருடம். சட்டைக் கையை மடித்துப் பார்த்தால் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்புத் தடம். கட்டில் கம்பியில் துப்பட்டாக் கிழிசலின் முடிச்சு அப்படியே இருந்தது.

கத்தித் தீர்த்தேன். ராத்திரி பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். "பதினாலு பேருக்கு நான் ஒருத்திதான் மேடம். ஒரு பாட்டியை பாத்ரூம் கூட்டிட்டுப் போனப்ப தாத்தா மாடிப்படிக்குப் போயிட்டார்" என்றாள். அன்று மாலையே அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு புதுப் பெண், அதே பதினாலு பேர். அவள் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரே ஒருவரைப் பார்த்துக்கொள்ளும்போதே அடித்தவள் நான்.

அப்புறம் துப்பட்டாவுக்குப் பதில் மாத்திரை வந்தது. பகலெல்லாம் தூங்கி வழிந்தார். மனநோய்க்குத் தரும் அந்த வகை மாத்திரைகளால் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005லேயே எச்சரித்திருக்கிறது. வேறு டாக்டரிடம் காட்டினேன். முதல் வேலையாகச் சிறுநீர்ப் பரிசோதனை எழுதினார். கிருமித் தொற்று. ஒரு வாரம் மருந்து கொடுத்ததும் பாதி ஆவேசம் இறங்கிவிட்டது. அதுவரை யாருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும்தான்.

இந்த நிலையில் இருந்த அப்பாவை பென்ஷனுக்கான நவம்பர் மாத ஆயுள் சான்றுக்காக பேங்க்குக்கு நேரில் வரச் சொன்னார்கள். ரேகை பதியவில்லை என்று மூன்று முறை விரலைத் துடைக்கச் சொன்னார் அந்த பேங்க் பிள்ளை. வீட்டுக்கே வந்து வாங்கும் வசதி இருக்கிறது என்று ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. சரி, அதை விடுங்கள்.

இல்லம் பார்க்கப் போனால் சொல்லாமல், இரவு எட்டு மணிக்குப் போங்கள். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள். தோட்டத்தையும் மெனுவையும் காட்டினால் மறுபடி கேளுங்கள். உடம்பில் தடம் கண்டால் முதலில் போட்டோ எடுத்துவிட்டு, முதியோர் உதவி எண் 14567க்கு அழையுங்கள்.

அப்பா இப்போது வேறு இடத்தில் இருக்கிறார். ஐந்து மணிக்கு ஒரு டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து வளாகத்தை இரண்டு சுற்று நடத்திக் கூட்டி வருகிறார்கள். காலி டப்பாதான். அவர் திறந்து பார்ப்பதில்லை.