மலைமேல் பூ, கடலடியில் நிலா – கடிதம்

அன்புள்ள சார்,

நாங்கள் நான்கு நண்பர்கள். கோபயாஷி ரிட்ஸின் 'சாகி' என்ற மாஜாங் மங்காவை (ஜப்பானியச் சித்திரக்கதை) ஒன்றாகப் படிக்கிறோம், மூன்று வாரமாக ஒரே சண்டை. ஒருவன், இது மாஜாங் கதையே இல்லை, மந்திரவாதிக் கதை, 'அகாகி' என்ற இன்னொரு மங்கா மாதிரி மூளையால் ஆடுவதுதான் மாஜாங் என்கிறான். இன்னொருவன், யார் கண்ணுக்கும் படாமல் போகும் மோமோ ஆடுவது கள்ளாட்டம் என்கிறான். மூன்றாமவனுக்கு எல்லாமே பிடித்திருக்கிறது, அவனோடு பேசிப் பயனில்லை. எனக்குப் புரியாதது சாகியின் அணித்தோழி ஹராமுரா நொதோகா. கண்ணெதிரே இத்தனை நடந்தும் அமானுஷ்யத்தை நம்பமாட்டேன் என்கிறாளே, ஆசிரியர் அவளைக் கேலி செய்கிறாரா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

மாஜாங் தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்காக முதலில் இரண்டு வரி. ரம்மி தெரிந்தால் போதும். கையில் 13 காய், ஒன்று எடுத்து ஒன்று போட வேண்டும், வரிசைகளும் ஒரே மாதிரிக் கூட்டங்களும் சேர்த்து முடிக்க வேண்டும். சீட்டுக்குப் பதில் 136 காய்கள், அவற்றைச் சுவர் மாதிரி அடுக்கி அதிலிருந்து எடுப்பார்கள். 'சாகி' 2006இல் 'யங் கங்கன்' இதழில் தொடங்கிய தொடர். பள்ளிக்கூடப் பெண்கள் ஐந்து ஐந்து பேராக அணி சேர்ந்து போட்டிக்குப் போகிறார்கள், அவர்களில் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு அமானுஷ்ய சக்தி இருக்கிறது.

உங்கள் முதல் நண்பருக்கு ஒரு கேள்வி. 'அகாகி'யில் வாஷிஸு என்ற கிழவர் வருகிறாரே, அவருக்கு வரும் காய்களெல்லாம் எங்கிருந்து வருகின்றன? ஒவ்வொரு வகையிலும் நான்கில் மூன்று காய் கண்ணாடி போல உள்ளே தெரியும் அந்த ஆட்டத்தில் எதிராளியின் கையைக் கணக்குப் போட்டுப் படிப்பது மூளைதான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வாஷிஸுவின் அதிர்ஷ்டம் எந்தக் கணக்கிலும் அடங்காது. அங்கே அமானுஷ்யத்துக்குக் கோட்டு போட்டு, சுருங்கிய முகம் வரைந்து, ரத்தத்தைப் பணயம் வைத்துவிட்டார்கள். இங்கே பள்ளிச் சீருடை போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் இது மந்திரவாதிக் கதை என்று அவர் சொல்வதை நான் வேறு காரணத்துக்காக மறுப்பேன். மந்திரவாதிக் கதையில் சக்தி எங்கிருந்தோ வரும். 'சாகி'யின் நல்ல பகுதிகளில் அது விதிப் புத்தகத்தின் ஏதோ ஒரு வரியிலிருந்து வருகிறது. கதாநாயகி மியானாகா சாகியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே காய் நான்கும் சேர்ந்தால் 'கான்' போடலாம், போட்டால் சுவரின் ஒதுக்கப்பட்ட பகுதியிலிருந்து ஒரு காய் கூடுதலாக எடுக்க வேண்டும், அந்தக் காயிலேயே ஆட்டம் முடிந்தால் அதற்குப் பெயர் 'ரின்ஷான் கைஹோ', மலைமுகட்டில் பூ மலர்வது. இந்தப் பெயர் மங்காக்காரர் வைத்ததல்ல, ஆட்டத்திலேயே உள்ளது. ஆசிரியர் செய்தது அந்தப் பெயரை ஒரு பெண்ணாக்கியது மட்டும்தான். எதிரணியின் அமாய் கொரோமோவும் அப்படித்தான். சுவரின் கடைசிக் காயை எடுத்து முடிப்பதற்குக் 'கடலடியில் நிலாவை அள்ளுவது' என்று பெயர், அதனால்தான் அவள் முழுநிலவு நாளில் பலம் பெறுகிறாள்.

இப்போது கொஞ்சம் கணக்கு. 136இல் ஒதுக்கிய 14ஐயும் நான்கு பேர் கையில் உள்ள 52ஐயும் கழித்தால் 70. முதலில் எடுப்பது பங்கு ஆள், அதாவது அந்த ஆட்டத்தின் டீலர். இடையில் யாரும் காயைக் கேட்டு வாங்காவிட்டால் எழுபதாவது காய் அவருக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவருக்குத்தான் போகும். ஆக, நிலாவை அள்ளுவதென்றால் கொரோமோ அந்த இடத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் யார் போட்ட காயையாவது வாங்கி முறையை மாற்ற வேண்டும். அப்புறம் இன்னொன்று. யாராவது கான் போட்டால் சுவரின் கடைசிக் காய் ஒதுக்கப்பட்ட பகுதிக்குப் போய்விடும், அதற்கு முந்தையது கடைசியாகிவிடும். அதாவது மலையில் ஒருத்தி பூவைப் பறிக்கும்போதெல்லாம் கடலடியில் நிலா ஒரு அடி நகர்கிறது! நாகனோ மாவட்ட இறுதிப் போட்டியில் இவர்கள் இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தது ஏன் என்பது எனக்கு இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் உறைத்தது. படிக்கும்போது முழுநிலவு, கண்ணில் தீப்பொறி, இதுதான் தெரிந்தது.

அந்த மேசையில் காஜிகி யுமி என்று ஒருத்தி இருந்தாள், ஞாபகம் இருக்கிறதா? சக்தி கிக்தி ஒன்றும் கிடையாது. சாகி கான் போடுவதைக் கவனித்துக்கொண்டே இருந்து, அவள் கான் போட வைத்த காயையே பிடுங்கித் தன் கையை முடித்தாள். கானைப் பறிப்பதற்கும் விதியில் இடமிருக்கிறது. அமானுஷ்யத்துக்கு எதிராக இன்னொரு அமானுஷ்யத்தைக் கொண்டுவராமல் விதியின் அடுத்த வரியைக் கொண்டுவந்தார்கள். கடைசிக் கையிலும் இதேதான். கொரோமோ போட்ட காயை வாங்கிக் கான் போட்டு, அதன்மேல் கான் போட்டு சாகி முடிக்கும்போது, சாதாரணமாக மூன்று பேரும் பகிர்ந்து கட்ட வேண்டிய 32,000 புள்ளியையும் கான் போடக் காய் கொடுத்தவரே கட்ட வேண்டும் என்ற ஒரு சின்ன விதிதான் வெற்றியைத் தீர்மானிக்கிறது. இந்த இடத்தைப் படித்துவிட்டு 'மாஜாங்கே இல்லை' என்று எப்படிச் சொல்கிறார்?

எனக்கு மிகவும் பிடித்தது மாட்சுமி குரோ. கூடுதல் புள்ளி தரும் காய்களுக்கு 'டோரா' என்று பெயர், அவையெல்லாம் தாமாக அவளிடம் வந்து சேரும். கேட்கும்போது இதைவிடப் பெரிய வரம் உண்டா என்று தோன்றும். ஆனால் ஒன்றைக் கீழே போட்டாலும் அடுத்த பல ஆட்டங்களுக்கு டோரா வராது, அதனால் போட முடியாமல் கையில் வைத்துக்கொண்டு திணறுவாள். எதிராளிகளுக்கோ அவள் கையில் என்ன இருக்கும், எதை அவள் போடமாட்டாள் என்பது ஆட்டம் தொடங்கும்போதே தெரியும். அணிக்காக அவள் முதல்முறை டோராவைக் கீழே போடும் அரையிறுதியை நான் இரண்டு முறை படித்தேன். அதே மேசையில்தான் ஒரு சுற்று முன்னாலேயே நடப்பதைப் பார்க்கக்கூடிய ஒன்ஜோஜி தோகி, இரண்டு சுற்று, மூன்று சுற்று முன்னால் பார்க்க முயன்று உடம்பு தாங்காமல் விழுகிறாள். எதிரில் மியானாகா டெரு, சாகியின் அக்கா, ஒவ்வொரு வெற்றியும் முந்தையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு ஏறிக்கொண்டே போகிறவள். அந்தக் கட்டுப்பாடு இருப்பதால்தான் அவள் சின்னக் கைகளில் தொடங்கியாக வேண்டும், மற்ற மூவரும் கைகோத்து அவளை நிறுத்தப் பார்க்க முடிகிறது. டெருவுக்கு ஆளை உள்ளே பார்க்கும் கண்ணாடி ஒன்றும் உண்டு, அது எனக்கு ஒட்டவில்லை. விதியில் வேர் இல்லை அதற்கு. இன்னொருத்தி தூங்கினால் அவள்மேல் சாமி இறங்கும் கதையும் அப்படித்தான். அங்கெல்லாம் உங்கள் நண்பர் சொல்வது சரி.

நொதோகா விஷயத்துக்கு வருகிறேன். 'அப்படிப்பட்ட மாந்திரீகமெல்லாம் இருக்க முடியாது' என்ற அவளுடைய வசனத்தை ரசிகர்கள் 'எஸ்.ஓ.ஏ.' என்று மூன்றெழுத்தாகச் சுருக்கிக் கேலி செய்கிறார்கள். ஆனால் ஆசிரியர் கேலி செய்யவில்லை. மோமோவோடு அவள் ஆடிய ஆட்டத்தைத் திரும்பப் பாருங்கள். மோமோ இருப்பது தெரியாததால், அவள் போட்ட காய்களும் அறிவித்த ரீச்சியும் (இன்னும் ஒரு காய் வந்தால் முடிந்தது என்ற அறிவிப்பு) மற்றவர்கள் மனதில் பதிவதில்லை, தெரியாமல் போய்க் காய் கொடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். நொதோகா மட்டும் மாட்டுவதில்லை. இணையத்தில் ஆடி வளர்ந்தவள் அவள், மேசையில் உட்கார்ந்தாலும் திரையில் தெரியும் காய்களைப் பார்ப்பது போலத்தான் பார்க்கிறாள். அவளுடைய அவநம்பிக்கைதான் அங்கே அவளுக்குக் கவசம். அதையும் ஒரு சக்தி என்று சொல்லும் ரசிகர்கள் உண்டு, எனக்கு அது சோம்பேறித்தனமாகப் படுகிறது. எல்லாவற்றையும் சக்தி என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை?

ஜப்பானில் நிஜ ஆட்டக்காரர்களிடமே இந்தச் சண்டை இருக்கிறது. ஆட்டத்துக்கு ஒரு 'ஓட்டம்' உண்டு, அது யார் பக்கம் போகிறது என்று உணர வேண்டும் என்று ஒரு கூட்டம். அதெல்லாம் கிடையாது, நிகழ்தகவு மட்டும்தான் என்று 'டிஜிட்டல்' கூட்டம். ஆசிரியர் அந்தச் சண்டையை ஒரே அணிக்குள் இரண்டு தோழிகளாக உட்காரவைத்துவிட்டார். நம் நளன் கதையிலும் இருதுபன்னன் தான்றி மரத்துக் காய்களைத் தேரில் இருந்தபடியே கணக்குச் சொல்கிறானே, அந்த வித்தையைக் கற்ற பிறகுதானே நளன் சூதில் வெல்கிறான், அது கணக்கா மந்திரமா என்று யாராவது பிரித்துக் கேட்டோமா?

சாகியே முதலில் அறிமுகமாவது மந்திரத்தால் அல்ல. 25,000 புள்ளியில் தொடங்கி 30,000ஐ வைத்துக் கணக்கு முடிக்கும் ஆட்டத்தில், 29,600க்கும் 30,500க்கும் நடுவில் வந்து நின்று, லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்று ஒவ்வொரு முறையும் முடிக்கிறாள். வீட்டில் தோற்றால் புத்தாண்டுக் காசு போய்விடும், ஜெயித்தால் திட்டு. இரண்டுக்கும் நடுவே பிழைக்கக் கற்றுக்கொண்ட குழந்தை. இதில் எவ்வளவு சக்தி, எவ்வளவு பயம் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

மோமோ கள்ளாட்டமா என்றால், இல்லை. அவள் ரீச்சியை வாய்விட்டுத்தான் சொல்கிறாள், காயைக் கீழேதான் போடுகிறாள். கேட்காதது மற்றவர்கள் காதின் குற்றம்.

நான்கு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். மாஜாங்குக்குச் சரியாக நான்கு பேர்தான் வேண்டும், கைபேசியிலேயே ஆடலாம், ஆடுங்கள். நான் இந்த மங்காவைப் படித்த ஜோரில் ஆட ஆரம்பித்து, நான்கு காய் சேர்ந்தபோதெல்லாம் கான் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு கானுக்கும் ஒரு புதிய டோரா திறக்கும், அது எல்லோருக்கும் பொது என்பது அப்போது எனக்குத் தெரியாது. பூ ஒன்றும் மலரவில்லை, எதிரிலிருந்த மூவருக்கும் டோரா திறந்து கொடுத்ததுதான் மிச்சம். மூன்றாம் நண்பரை, எல்லாமே பிடித்த அவரை, முதலில் பங்கு ஆளாக உட்காரவையுங்கள்.

அன்புடன்.