பங்க் பக்கத்துத் தண்ணீரில் பெட்ரோல் வாடை இல்லையென்றால் குடிக்கலாமா?

கேள்வி: எங்கள் போர்வெல்லுக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் பெட்ரோல் பங்கில் நிலத்தடி டேங்க் கசிந்துவிட்டதாம். எங்கள் தண்ணீரில் வாடை எதுவும் இல்லை. பயப்பட வேண்டியதில்லைதானே?

மூக்கை நம்பாதீர்கள். இப்படிக் கசிந்த இடங்களில் தண்ணீர் மாதிரி எடுக்கும் வேலை பார்த்தவன் நான். ஆரம்பத்தில் நானும் முகர்ந்து பார்த்து முடிவு கட்டியவன்தான்.

ஒரு தடவை, டேங்கை ஒட்டிப் போட்டிருந்த சோதனைக் கிணற்றில் பெய்லரை இறக்கினேன். அடியில் வால்வு வைத்த நீளமான பிளாஸ்டிக் குழாய் அது. தூக்கிப் பார்த்தால், தண்ணீருக்கு மேலே இரண்டு விரல் கனத்துக்குப் பெட்ரோல் தனியாக மிதக்கிறது. தலை சுற்றும் நாற்றம். முப்பது அடி தள்ளி இருந்த அடுத்த கிணற்றிலோ பளிங்கு மாதிரித் தண்ணீர், துளி வாடை இல்லை. லேப் ரிப்போர்ட் வந்தபோது பார்த்தால், அதிலும் பென்சீன் வரம்பைத் தாண்டியிருந்தது.

பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும், சரி. ஆனால் அதிலுள்ள பென்சீன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நீரோடு நகரும். அது ரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, அமெரிக்காவில் 5. நாக்குக்கு ருசி மாறித் தெரியவே 500 மைக்ரோகிராமாவது வேண்டும், மூக்குக்கு இன்னும் அதிகம். அதாவது வரம்பைப்போல் நாற்பது மடங்கு இருந்தாலும் ஒன்றும் தெரியாமல் குடித்துவிடுவோம்.

காய்ச்சினால் போய்விடும் என்பார்கள். பென்சீன் 80 டிகிரியிலேயே கொதிக்கும். தண்ணீரை விட்டுப் போகிற ஆவி சமையலறைக்குள்தானே நிற்கும்? டிடிஎஸ் மீட்டரும் உதவாது, அது உப்பைத்தான் பார்க்கும்.

ஆறுதலான விஷயமும் உண்டு. ஆக்சிஜன் கிடைத்தால் மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் பென்சீனைத் தின்றுவிடும், அதனால் பல இடங்களில் அது வெகுதூரம் போவதில்லை. பெட்ரோலில் கலந்த எம்டிபிஇ என்ற ரசாயனம் அப்படி இல்லை. எளிதில் சிதையாமல் தண்ணீர் போகும் வேகத்திலேயே போகும். 1996இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரம் அதனால் தன் கிணறுகளை மூடி, குடிநீரில் ஏறக்குறைய பாதியை இழந்தது.

உங்கள் விஷயத்தில், நிலத்தடி நீர் பங்கிலிருந்து உங்கள் பக்கம் ஓடுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. எதிர்ப்பக்கம் ஓடினாலும், நீங்கள் நாள் முழுக்க மோட்டார் போட்டால் அதை உங்கள் பக்கம் இழுத்துவிட வாய்ப்புண்டு. ரிப்போர்ட் வரும்வரை குடிக்க, சமைக்க வேறு தண்ணீர் பாருங்கள்.

லேபில் சாதாரணக் குடிநீர்ச் சோதனை கேட்காதீர்கள், அதில் இது வராது. 'பிடெக்ஸ்' (BTEX) சோதனை என்று கேளுங்கள், பென்சீனையும் பெட்ரோலில் அதோடு இருக்கும் அதே மாதிரி ரசாயனங்களையும் பார்ப்பது அது. அவர்கள் தரும் சின்னக் கண்ணாடிக் குப்பியில் விளிம்புவரை நிரப்பி மூட வேண்டும். கவிழ்த்துப் பார்க்கும்போது ஒரு குமிழி ஓடினாலும் அதை ஒதுக்கிவிட்டு வேறு குப்பியில் பிடியுங்கள். பென்சீன் அந்தக் குமிழிக்குள் போய்விடும், ரிப்போர்ட்டில் குறைவாகக் காட்டும்.