சனிக்கிழமை ஓய்வுநாளுக்கு விடுப்பு மறுத்தால் வழக்குப் போடலாமா?

கேள்வி: நெல்லையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் 3 வருடமாக விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவன். இதுவரை சனிக்கிழமைதான் எனக்கு வார விடுப்பு. புது மேனேஜர், "சனி, ஞாயிறு யாருக்கும் லீவு கிடையாது, செவ்வாய் எடுத்துக்கோ" என்கிறார். மதச் சுதந்திரம் அடிப்படை உரிமைதானே? அமெரிக்காவில் ஒரு தபால் ஊழியர் இப்படி வழக்குப் போட்டு ஜெயித்ததாக வாட்ஸ்அப்பில் வந்தது. நானும் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் மதத்தின் பேரில் போட்டால் நிற்காது.

மதச் சுதந்திரம் தரும் அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு அரசைக் கட்டுப்படுத்துவது. கேரளத்தில் தேசிய கீதம் பாடாத யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் 1986-ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். அவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கியதன் பின்னால் கல்வி அதிகாரியின் உத்தரவு இருந்தது. உங்கள் முதலாளி தனியார். நீங்கள் அரசு ஊழியராக இருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

வாட்ஸ்அப்பில் வந்தது ஜெரால்ட் கிராஃப் வழக்கு. பென்சில்வேனியாக்காரர், அவருக்கு ஓய்வுநாள் ஞாயிறு. 1964-ம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டப்படி, ஊழியரின் மத அனுசரிப்புக்கு அங்கே முதலாளி இடம் கொடுத்தாக வேண்டும். தொழிலுக்குக் கணிசமான சுமை வரும் என்றால்தான் மறுக்கலாம் என்று 2023-ல் தீர்ப்பு வந்தது. அதிலும் வழக்கை மறுபடி பரிசீலிக்கச் சொல்லிக் கீழ் நீதிமன்றத்துக்குத்தான் அனுப்பினார்கள். அப்படியொரு சட்டம் தனியார் கடைகளுக்கு இங்கே இல்லை.

சரி, உங்கள் கையில் என்ன இருக்கிறது? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. அதன் 11-வது பிரிவுப்படி வாரத்தில் ஒரு முழுநாள் விடுப்பு உங்கள் உரிமை. எந்த நாள் என்பதைச் சட்டம் உங்களிடம் விடவில்லை. 365 நாளும் திறக்கும் கடைகளில் சுழற்சி முறையில் விடுப்பு கொடுக்கிறார்கள். அந்தப் பட்டியலில் சனிக்கிழமையைப் பேசித்தான் வாங்க வேண்டும்.

பேச உங்களிடம் நல்ல சீட்டு ஒன்று இருக்கிறது. நெல்லைக் கடைகளில் சி.எஸ்.ஐ., ஆர்.சி. ஊழியர்கள் பலருக்கு ஞாயிறு காலை கோயிலுக்குப் போக வேண்டும். "எல்லா ஞாயிறும் நான் வருகிறேன், சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் வந்து கடை மூடும்வரை நிற்கிறேன்" என்று எழுதிக் கொடுங்கள். ஜவுளிக்கடையில் சனிக்கிழமைக் கூட்டமே ஆறரை மணிக்கு மேல்தானே! வெள்ளி மாலையையும் மறக்காதீர்கள். உங்கள் ஓய்வுநாள் அப்போதே தொடங்கிவிடுகிறது, வார விடுப்பில் அது அடங்காது. அன்று காலை ஷிஃப்ட் வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள்.

கடிதத்தோடு சபைப் போதகரின் சான்றையும், சனிக்கிழமை விடுப்பு காட்டும் பழைய டூட்டி சார்ட்டின் நகலையும் வையுங்கள். "இதெல்லாம் லீவுக்குச் சொல்லும் சாக்கு" என்று யாராவது சொன்னால் கோபப்பட வேண்டாம். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் 1857-ல் சட்டம்பிள்ளை தொடங்கிய சபையும் சனிக்கிழமையைத்தான் ஆசரித்தது. நம் ஊருக்கு இது புதிதல்ல.

பதில் வருவதற்குள் சனிக்கிழமை சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். அது அனுமதியில்லாத விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கைக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும். மனசாட்சி இடம் தராது என்றால், ஒவ்வொரு வாரமும் முன்கூட்டியே எழுத்தில் விடுப்புக் கேட்டு, மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

வேலையை விட்டே நிறுத்தினால் அப்போதுதான் வழக்கு. 6 மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்தக் கூடாது என்கிறது அதே கடைகள் சட்டத்தின் 41-வது பிரிவு. ஒழுங்கீனம் என்று சொன்னால் விசாரணை நடத்தி நிரூபிக்க வேண்டும். அந்த உத்தரவை எதிர்த்துத் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்; கெடு குறைவு, உத்தரவு கைக்கு வந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள். "நீயே எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்று ராஜினாமாக் கடிதம் நீட்டினால் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நீங்களாக விலகியதாகிவிட்டால் 41-வது பிரிவு கைகொடுக்காது.