மூன்றாம் கியரில் திணறும் 1.8 டர்போ

வணக்கம் நண்பரே. ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் நிற்கும்போது) சீராக ஓடும் உங்கள் 2005 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார், பெங்களூரு ஹெப்பாள் மேம்பாலம் ஏறும்போது 3000 ஆர்பிஎம்மில் விட்டு விட்டு இழுக்கிறது என்கிறீர்கள். மெக்கானிக் சொல்கிறார் என்று டர்போவை (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) கழற்ற உடனே சம்மதித்துவிடாதீர்கள்.

பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பிளக்கில் பொறி பறக்க அதிக வோல்டேஜ் வேண்டும். பிளக்குக்கு அந்த வோல்டேஜைத் தரும் காயில் சோர்ந்துபோயிருந்தால் ஐடிலில் சமாளித்துவிடும், ஏற்றத்தில் மாட்டிக்கொள்ளும். ஸ்கேனரில் பி0302 (இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்ற பிழைக் கோடு) வந்தால் இரண்டாவது சிலிண்டர் காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான் போயிருக்கிறது. பிளக்குகளையும் அப்படியே கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

கோடே வரவில்லை, மிதித்தால் உஸ்ஸென்று சத்தம், பின்னால் கரும்புகை என்றால் டர்போ காற்று போகும் ஹோஸ்தான். சென்சார் அளந்த காற்றுக்கு ஏற்பத்தான் பெட்ரோல் போகும்; அந்தக் காற்று வழியில் கசிந்தால் பெட்ரோல் அதிகமாகிவிடும். என் காரில் இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸ் மேலே பார்க்கப் புதிதாகவே இருந்தது. கிளாம்ப் ஓரம் விரலை விட்டு மடக்கியபோதுதான் அடிப்பக்கத்தில் அரை அங்குல வெடிப்பு வாயைத் திறந்தது. இரண்டு மாதம் அலைந்திருந்தேன். அதனால் முதலில் ஸ்மோக் டெஸ்ட் (குழாய்களுக்குள் புகை செலுத்திக் கசிவைக் கண்டுபிடிப்பது) செய்யச் சொல்லுங்கள். அப்புறம் ஹோஸுக்கு ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் விசாரியுங்கள், கிளாம்பும் புதிதாகவே போடுங்கள்.