ரோமை யார் கொடுத்தது?

கேள்வி: முசோலினி படை திரட்டி வந்து ரோமைப் பிடித்தவர். துப்பாக்கிக்கு முன்னால் நாடாளுமன்றம் என்ன செய்திருக்க முடியும்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: படையெடுத்துப் பிடித்தார் என்பது இத்தாலியில் முசோலினியின் பாசிஸ்ட் கட்சி பரப்பிய கதை. நீங்கள் இன்னும் நம்புகிறீர்கள். 1922 அக்டோபர் 28 அன்று கருஞ்சட்டையினர், அதாவது அந்தக் கட்சியின் அடியாள் படையினர், பலர் ரோமுக்கு வெளியே சிவித்தாவெக்கியாவிலும் ஓர்த்தேயிலும் ரயில் மறிக்கப்பட்டு மழையில் நின்றிருந்தார்கள். தலைவரோ மிலானில். பிரதமர் ஃபாக்தா ராணுவச் சட்ட ஆணையைத் தயாரித்து, மாவட்ட அதிகாரிகளுக்குத் தந்தியும் அடித்துவிட்டார். காலையில் மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் கையெழுத்துப் போட மறுத்ததும் அந்தத் தந்திகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அடுத்த நாள் மன்னரே முசோலினியை அழைத்தார். அவர் இரவு ரயிலில் படுத்துத் தூங்கியபடி ரோமுக்கு வந்தார். ஊர்வலம் அதற்குப் பிறகுதான்!

நாடாளுமன்றம் என்ன செய்தது என்கிறீர்களா? 535 இடங்களில் பாசிஸ்டுகளுக்கு இருந்தவை 35. அவையும் 1921 தேர்தலில் மூத்த லிபரல் தலைவர் ஜியோலிட்டி தன் கூட்டணியில் சேர்த்துக்கொண்டதால் கிடைத்தவை. ஐந்து முறை பிரதமராக இருந்த அவருக்கு, உள்ளே விட்டால் முரடர்கள் அடங்கிவிடுவார்கள் என்று கணக்கு. நவம்பரில் அதே அவை 306-க்கு 116 என்று முசோலினிக்கு நம்பிக்கை வாக்களித்தது.

அடுத்து வந்ததுதான் நிஜமான ஆயுதம்: 1923-இன் அசேர்போ சட்டம். நாடு முழுவதும் முதலிடம் பெறும் பட்டியல் 25 விழுக்காடு வாக்கு வாங்கினால் போதும், மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 356 இடங்கள் அதற்கே. மிச்சம் 179-ஐ மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நான்கில் மூன்று பேர் எதிர்த்து வாக்களித்தாலும் ஆட்சி அசையாது. மசோதாவை ஆராய்ந்த குழுவின் தலைவர் யார்? அதே ஜியோலிட்டி. பார்வையாளர் மாடத்தில் கருஞ்சட்டையினர் உட்கார்ந்திருந்தது உண்மை. ஆனால் 123 பேர் எதிர்த்து வாக்களித்ததும் உண்மைதான். ஆதரித்தவர்கள் 223.

1924 ஏப்ரல் தேர்தல் அடிதடியோடு நடந்தது. அதைச் செல்லாததாக்கக் கோரி மே 30-இல் பேசிய சோஷலிஸ்ட் உறுப்பினர் மத்தேயோத்தி ஜூன் 10 அன்று கடத்திக் கொல்லப்பட்டார். அரசு ஆடிப்போன நேரம் அது. எதிர்க்கட்சிகளோ அவையைவிட்டு வெளியேறி, மன்னர் ஏதாவது செய்வார் என்று காத்திருந்தன. வேறு யாரை நம்பியிருந்தாலும் மன்னிக்கலாம். இவர் 1922-லேயே தன்னைக் காட்டிக்கொண்டவர். மாதங்கள் ஓடின. 1925 ஜனவரி 3 அன்று முசோலினி அவையில் எழுந்து, நடந்த எல்லாவற்றுக்கும் தானே பொறுப்பு என்றார். கேட்க ஆளில்லை. 1926 நவம்பரில் வெளிநடப்பு செய்தவர்களின் பதவியும் பறிபோனது, கட்சிகளும் கலைக்கப்பட்டன.

1928-இல் இன்னொரு தேர்தல் சட்டம். பாசிஸ்ட் கட்சியின் உச்ச அமைப்பான பாசிச மகாசபை தேர்ந்த 400 பேர் கொண்ட ஒரே பட்டியல். ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். 'ஆம்' சீட்டில் மூவர்ணம், 'இல்லை' சீட்டு வெறும் வெள்ளை. ரகசிய வாக்கெடுப்பாம்! ஜியோலிட்டி இதை எதிர்த்தார், தமது 85-ஆவது வயதில்.

இத்தனைக்கும் 1848-இன் அரசியல் சாசனம் கடைசிவரை ரத்தாகவில்லை. 1925 டிசம்பர் சட்டப்படி பிரதமர் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டாம், மன்னருக்கு மட்டும் சொன்னால் போதும். 1943 ஜூலை 25 அன்று, போர் தோற்றுக்கொண்டிருந்தபோது, மன்னர் முசோலினியைப் பதவியைவிட்டு நீக்கினார், வாசலிலேயே கைது. உங்கள் கேள்வியை நாடாளுமன்றத்தோடு சேர்த்து அந்த மன்னரிடமும் கேட்டிருக்க வேண்டும்.