ஃப்ரீசியா பூக்கலைன்னு உரத்தைக் கொட்டாதீங்க

அண்ணே, மதுரை திருநகர் மாடியில ஊன்றின ஃப்ரீசியா, அதான் கிழங்குல முளைக்கிற அந்தப் பூச்செடி, இலை மட்டும் விட்டு மஞ்சளாயிருச்சுன்னு கேட்டிருக்கீங்க. உரக்குறை இல்ல, ஊர்தான் காரணம். அது தென்னாப்பிரிக்கக் கேப் பகுதிச் செடி. அங்க மழையும் குளிரும் சேர்ந்தே வரும். மொட்டு கட்ட சில வாரமாவது சுமார் 15 டிகிரி குளிர்ச்சி வேணும். மதுரை மார்கழி ராத்திரியே 20 டிகிரியை ஒட்டித்தான் நிக்குது. கொடைக்கானல்ல சொந்தக்காரங்க இருந்தா குடுத்துடுங்க.

பதிலா ஃபுட்பால் லில்லி வைங்க. அதுவும் தென்னாப்பிரிக்காவுல வளர்றதுதான், ஆனா கோடை மழைக்குத் துளிர்க்கிற ஜாதி. மே மாசம் செக்கச்செவேல்னு பந்து மாதிரி பூக்கும். செம்மண்ணோட மணல் கலந்து, கிழங்கோட கழுத்து வெளிய தெரியற மாதிரி ஊன்றுங்க. இலை காஞ்சதும் தண்ணியை நிறுத்திடணும். பாவமேன்னு ஊத்தி ஊத்தி நான் நாலு கிழங்கை அழுகவிட்டிருக்கேன்.